இடது தோளில் அக்கா

டெய்லரின் தலை இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும். நாளில் பாதி நேரம் காதுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு போன் செருகியிருக்கும். போன் இல்லாத மீதி நேரத்திலும் தலை நிமிராமல் அந்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இது தெரியாது. தாங்கள் சொல்வதை இந்த மனிதர் எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார் என்று நெகிழ்ந்து போய், பேன்ட் இடுப்பு இறுக்குகிறது என்று சொல்ல வந்தவர்கள் வீட்டுக் கதையையும் சேர்த்துக் கொட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் சாவி வெட்டுகிற கடைக்காரர் மட்டும் அவருக்குச் ‘சாய்வு’ என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர்தான் தெருவில் நிலைத்தது.

கடை என்பது நாலு மாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்த முக்கோணம். ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்கிற மெஷின் ஒன்று, துணி மாற்றிப் பார்க்க மூலையில் ஒரு திரை. திரைக்குள் ஆள் இருந்தால் டெய்லரால் எழுந்து வெளியே வர முடியாது. புதுத் துணி அவர் தைப்பதில்லை. கடையில் வாங்கியது உடம்புக்குப் பொருந்தாதவர்களும், உடம்பு பழைய துணிக்குப் பொருந்தாமல் போனவர்களும்தான் அவரிடம் வருவார்கள். நீளம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது, ஜிப் மாற்றுவது. அந்த வட்டாரத்தில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை.

மூச்சு விட ஆளும் இல்லை என்பது வேறு விஷயம். மனைவி இறந்த பிறகு வீடு என்பது படுத்து எழுந்திருக்கிற இடமாகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. அப்போது வேறு ஊரிலிருந்து அக்கா வந்து கொஞ்ச நாள் கூட இருந்தாள். பிறகு மகன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். போன மறுநாள், மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பியதும் தம்பிக்குப் போன் செய்தாள்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சு.”

அதற்கு மேல் இருவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை. டெய்லர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு பேன்ட்டின் அடியை மடித்துத் தைத்தார். அந்தப் பக்கம் அக்கா வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டது. மத்தியானம் அவள் படுக்கப் போகும்போதுதான் லைன் துண்டானது. அன்றைக்கு ஆரம்பித்தது ஆண்டுக்கணக்கில் ஓடியது. காலையில் அவள்தான் கூப்பிடுவாள், மத்தியானம் அவள்தான் வைப்பாள். நடுவில் அவர் டீ குடிக்கப் போனால் போன் சட்டைப் பைக்குள் போகுமே தவிர நிற்காது. டெய்லரின் உதட்டில் எப்போதும் குண்டூசிகள் இருக்கும் என்பதால் அவர் பங்குக்கு வருவது பெரும்பாலும் ‘ம்’ மட்டும்தான். அந்த ‘ம்’மை வைத்தே உதட்டில் எத்தனை ஊசி இருக்கிறது என்று அக்கா சொல்லிவிடுவாள்.

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தைக்கலாமே என்று கேட்பீர்கள். சாவிக் கடைக்காரரும் கேட்டார். ஸ்பீக்கரில் போட்டால், அக்கா மருமகளைப் பற்றிச் சொல்வது படியேறுகிற அத்தனை பேர் காதிலும் விழும். காதில் மாட்டுகிற ஒயரோ, பாட்டுக் கேட்கிற பிள்ளைகளுக்கானது என்பது டெய்லரின் எண்ணம். எண்ணத்துக்கு யார் வரி போடுகிறார்கள்.

ஒரே ஒரு தடவைதான் அந்தப் போன் நின்றது. ஒருநாள் மெஷின் ஊசி அவர் விரலில் ஏறிவிட்டது. அவர் ‘ஸ்’ என்றது அக்காவுக்குக் கேட்டுவிட்டது. நான் பேசப் போய்த்தானே கவனம் சிதறியது என்று தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொண்டு, விரல் ஆறுகிறவரை அவள் கூப்பிடவே இல்லை. டெய்லர் கெஞ்சிக் கூத்தாடித்தான் மறுபடி ஆரம்பிக்க வைத்தார். விரல் வலித்ததைவிட அந்த நாட்கள்தான் அவருக்கு வலித்தன.

அதனால்தான், தலை சுற்றல் வந்தபோது அவர் அக்காவிடம் சொல்லவில்லை.

முதல் தடவை, மேல் தட்டில் இருந்த நூல்கண்டை எடுக்கத் தலையைத் திருப்பியபோது தரை ஒரு பக்கமாக நழுவியது. மெஷினைப் பிடித்துக்கொண்டார். சரியாகத் தூங்கவில்லை என்று தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு ரோட்டில் வந்தது. கடக்கும்போது வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, தலையை நேராக்கினார். தலை நின்றுவிட்டது, தெரு நிற்கவில்லை. எதிரே இருந்த கட்டடங்கள் மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போயின. ஓடிப் போய் மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டார். பையோடு வந்த ஓர் அம்மாள் அவரைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டு, “காலங்காத்தாலயே ஆரம்பிச்சாச்சு” என்று சொல்லிவிட்டுப் போனாள். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனிதர். சட்டைப் பைக்குள் அக்கா அப்போது கேரட் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கம்பத்தைக் கட்டிக்கொண்டே ‘ம்’ என்றார்.

தெரிந்தால் போன் நின்றுவிடும் என்ற ஒரே பயம்தான் அவருக்கு. விழுந்து மண்டை உடைவதைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கவலைப்படவில்லை. போன் நின்றுவிட்டால் அந்த மாடிப்படிக்கு அடியில் நாள் முழுக்க என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். சர்க்கரை பார்த்தார். காது டாக்டர் அவரைப் படாரென்று படுக்கவைத்து, எழுப்பி, கண்ணை உற்றுப் பார்த்தார். எல்லாம் நார்மல் என்றார்கள். எல்லாம் நார்மலாக இருக்கிற மனிதன் எதற்காக மின்கம்பத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியாக ஒருவர் பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்த பெண்ணை அந்தப் பக்கத்தில் எல்லோரும் ‘கை டாக்டர்’ என்பார்கள். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, எல்லாம் கையால்தான்.

அவளிடம் போன அன்று காலை, அக்கா லைனில் இருந்தாள். “நூல் வாங்கப் போறேன்” என்று அவளிடம் புளுகிவிட்டு, வழக்கம்போல போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கை டாக்டர் சட்டையைக் கழற்றச் சொன்னாள். சட்டை சுவரில் கொக்கியில் தொங்கியது. லைனைத் துண்டிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கழற்றிய செருப்பைப் பற்றி யாராவது யோசிப்பார்களா?

அவள் அவருடைய நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் சின்ன டார்ச் ஒன்றைச் செருகினாள். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தின் நடுவில் வெளிச்சப் புள்ளி விழுந்தது.

“கண்ணை மூடிக்கிட்டு தலையை வலப்பக்கம் திருப்புங்க சார். இப்ப மறுபடி நடுவுக்கு வாங்க. நடுவுக்கு வந்துட்டேன்னு தோணினதும் சொல்லுங்க.”

“வந்துட்டேன்மா.”

“கண்ணைத் திறங்க.”

புள்ளி காகிதத்திலேயே இல்லை. இடப்பக்கம் தள்ளி, ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் இருந்தது. டெய்லர் அதையே பார்த்தார். அரை அங்குலம் நீளம் கூடினால் கண்ணாலேயே கண்டுபிடிக்கிறவர், தன் தலைக்கு நடு எது என்று தெரியாமல் இவ்வளவு நாள் தெருவில் நடந்திருக்கிறார்.

கை டாக்டர் அவர் கழுத்தின் இடப்பக்கம், காதுக்குக் கீழே இறங்குகிற தசையைப் பிடித்து அழுத்தினாள். அறை ஒரு சுற்றுச் சுற்றியது.

“இதானே?”

“இதேதான்மா.”

“தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு மூளைக்குச் சொல்றதுல கழுத்துத் தசைக்கும் பங்கு இருக்கு சார். இது இறுகிப் போய் தப்புத் தப்பா சொல்லுது. கண்ணும் காதும் வேற சொல்லுது. யாரை நம்புறதுன்னு மூளை முழிக்குது. அதான் சுத்துது. இந்தப் பக்கமே தலையைச் சாய்ச்சு என்ன பண்றீங்க?”

“போன் பேசுவேன்.”

“யார் கூட?”

“அக்கா கூட.”

“எவ்வளவு நேரம்?”

“காலையில இருந்து மத்தியானம் வரைக்கும்.”

“அப்படி என்ன சார் பேசுவீங்க?”

“ஒண்ணும் பேச மாட்டோம்.”

அவள் சிரித்துவிட்டாள். கேலி செய்ய வேண்டும் என்று இல்லை, சுபாவமே அப்படி. அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கட்டிலில் இருந்த ஓட்டையில் முகத்தைப் பொருத்தி, காதையும் சேர்த்து மூடுகிற மாதிரி கழுத்தில் சூடான துண்டைப் போட்டாள். பிறகு உரக்கச் சொன்னாள்:

“அப்ப உங்களைத் தள்ளி விடறது உங்க அக்காதான் சார். இந்தப் போனை விட்டாத்தான் நீங்க நேரா நடப்பீங்க.”

துண்டுக்கு அடியில் டெய்லர், விட முடியாதும்மா என்று எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினார். கை டாக்டர் தோளைப் பிசைய ஆரம்பித்தாள். கொஞ்சம் பொறுத்து, “அட, அக்காவை விடச் சொல்லல. காதுல மாட்டுற ஒயர் ஒண்ணு வாங்கிக்குங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க, தோள்ல இடுக்காதீங்க, அவ்வளவுதான்” என்றாள். டெய்லருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து சட்டையை மாட்டும்போது லைன் துண்டாகியிருந்தது. சிக்னல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ஒயர் வாங்கினார். சாவிக் கடைக்காரரிடம் கேட்டு மாட்டிப் பழகினார். மறுநாள் காலை இரண்டு காதிலும் அதைச் செருகிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அக்கா கூப்பிடவில்லை. மத்தியானம்வரை பார்த்துவிட்டு ஒயரைக் கழற்றி வைத்தார். மறுநாளும் அதே கதை. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் அவரே கூப்பிட்டார்.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் வேலை இருக்குடா. ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன்.”

“பொழுதுக்கும் என்ன வேலை?”

“இருக்குடா. நீ நல்லா இரு.”

வைத்துவிட்டாள். நல்லா இரு என்று ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். முதலில் டெய்லர் மருமகள்மேல் சந்தேகப்பட்டார். அவள் ஏதாவது சொல்லியிருப்பாள், நாள் முழுக்கப் போன் என்ன போன் என்று. பிறகு, ராத்திரி படுத்தபோது, அதைவிட மோசமான ஒன்று தோன்றியது. அக்காவுக்கே அலுத்துப் போயிருக்கலாம். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு ‘ம்’ போடுகிற ஒரு மனிதனை எத்தனை வருஷம்தான் கேட்டுக்கொண்டிருப்பது? ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிட்டாள். மகன் பக்கத்தில் இருப்பான். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், சரி, அவ்வளவுதான்.

கழுத்து குணமாகிக்கொண்டே வந்தது. தினமும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மோவாயை உள்ளே இழுத்து, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மெதுவாகத் திருப்பினார். டார்ச் புள்ளி ஜன்னலை விட்டு நகர்ந்து காகிதத்துக்குள் வந்தது. தெரு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. “என்ன சாய்வு, நிமிர்ந்துட்டீங்க. இனிமே என்னன்னு கூப்பிடறது?” என்று சாவிக் கடைக்காரர் வருத்தப்பட்டார். டெய்லருக்குக் குணமானது பிடிக்கவில்லை. தலை சுற்றிய நாட்களில் துணைக்கு ஓர் ஆள் இருந்தது. இப்போது நேராக நடந்து கடைக்கு வந்து, நேராக உட்கார்ந்து, மெஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போனார்.

ஒருநாள் ஜிப் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தன்னை அறியாமல் போனை எடுத்து இடது தோளில் இடுக்கிக்கொண்டார். பழைய இடத்தில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. வேலையும் கொஞ்சம் ஓடியது. நிமிர்ந்தால், எதிரே ஒரு வாடிக்கையாளர் பேன்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் பேசி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கிறார். டெய்லருக்குக் காது மடல் சூடானது. போனை உடனே எடுத்தால் அசிங்கம் என்று, “ம்… ம்… சொல்லு” என்று அந்தச் செத்த போனிடம் இரண்டு வார்த்தை பேசினார். அந்த ஆள் போன பிறகும் எடுக்கவில்லை. மறுநாளும் வைத்துக்கொண்டார்.

தலை சுற்றல் கூப்பிடாமலே திரும்பி வந்தது. கை டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

“மறுபடியும் போனா சார்? ஒயர் வாங்கலையா?”

“வாங்கினேன். அக்கா இப்ப கூப்பிடறதில்லம்மா.”

“அப்புறம் எப்படி?”

டெய்லர் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். அவள் அதைப் பார்த்துவிட்டு, “போனை ஆஃப் பண்ணுங்க சார். அன்னிக்கு உங்க சட்டை தும்மிச்சு” என்றாள்.

“சட்டையா?”

“உங்க பையில இருந்து யாரோ தும்மினாங்க. நீங்க துண்டுக்கு அடியில இருந்தீங்க. உங்க அக்காதான் தள்ளி விடறாங்க, இந்தப் போனை விட்டாத்தான் நேரா நடப்பீங்கன்னு சொன்னேன்ல, அப்பதான். லைன் ஓடுதுன்னு சொல்ல வந்தேன், அதுக்குள்ள பையில தெரிஞ்ச போன் வெளிச்சம் அணைஞ்சிருச்சு.”

டெய்லர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கேட்டிருக்கிறாள். ஒயர் விஷயம் வருவதற்கு முன்னால் வைத்துவிட்டாள். பாதியைக் கேட்டுவிட்டு, பழையபடி தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை தம்பி கெஞ்சக்கூட வழியில்லாமல், காரணத்தைச் சொல்லாமலே விதித்துக்கொண்டுவிட்டாள். அலுத்துவிட்டது என்று தான் நினைத்ததற்காக அவருக்கு வெட்கமாக இருந்தது. சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, “நாளைக்கு வரேன்மா” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்தார். ஒயரைத் தேடி எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

“அக்கா.”

அந்தப் பக்கம் குரல் கிசுகிசுவென்று வந்தது. “கழுத்து எப்படி இருக்கு?”

கழுத்து என்ற வார்த்தையை அவர் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

“முழுசும் கேட்காம ஏன்க்கா வச்சே? ஒயர் மாட்டிக்கிட்டா எவ்வளவு நேரம் வேணா பேசலாம்னு சொன்னா அந்தப் பொண்ணு. அன்னிக்கே வாங்கிட்டேன். இப்பகூட காதுலதான் மாட்டியிருக்கேன். ரெண்டு கையும் சும்மா இருக்கு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

“நாளைக்குக் காலையில கூப்பிடுக்கா. பழையபடி.”

“எப்படிடா.” அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள். “காலையில எல்லாம் கீழ் வீட்டுக் குழந்தையை நான்தான் பார்த்துக்கறேன். அவங்கம்மா வேலைக்குப் போகுது. சும்மா உட்கார்ந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருந்துச்சு, நானே போய்க் கேட்டேன். இப்ப என் மடியிலதான் தூங்குது. பேசினா முழிச்சுக்கும்.”

டெய்லர் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளிடம் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் செத்த போனைத் தோளில் வைத்துக்கொண்டார், அவள் கீழ் வீட்டுக்கு இறங்கிப் போனாள். இரண்டு பேரில் அவளுக்குத்தான் புத்தி இருந்தது.

“சரிக்கா. நீ பார்த்துக்க. வைக்கட்டுமா?”

“வைக்காத” என்றாள் அவசரமாக. “பேச வேணாம். சும்மா இரு. முழிக்கிற வரைக்கும்.”

அவர் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். மிதித்தால் சத்தத்தில் குழந்தை எழுந்துவிடும். ஒரு பாவாடையை எடுத்து ஓரத்தைக் கையாலேயே தைக்க ஆரம்பித்தார். படியில் ஆட்கள் ஏறி இறங்கினார்கள். சாவிக் கடையில் அரத்தால் தேய்க்கிற சத்தம் வந்தபோது ஒயரில் இருந்த மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு மின்விசிறியும், அதற்குக் கீழே இரண்டு மூச்சும் கேட்டன. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. ஒயர் இரண்டு காதிலும் இருந்ததால், தோளில் இடுக்கிய காலத்தில் கேட்டதைவிட எல்லாம் மிகவும் தெளிவாகக் கேட்டது. பாவாடையில் பாதிச் சுற்று முடிந்தபோது, அக்கா குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து போகிற காலடிச் சத்தம் கேட்டது.

குழந்தை சிணுங்கியது. பிறகு வீறிட்டு அழுதது.

“இதோ வந்துட்டேன்டா, இதோ வந்துட்டேன். அழக் கூடாது” என்றாள் அக்கா. இப்போது கிசுகிசுப்பு இல்லை, பழைய முழுக் குரல்.

தன்னிடம் சொல்லவில்லை என்று டெய்லருக்குத் தெரியும். தெரிந்தும், “வாக்கா” என்றார். லைன் அதற்குள் துண்டாகியிருந்தது.